டவர் அணைந்திருந்த பகல்

கொக்கிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. டவர் ஏறுகிறவர்களுக்கு இடுப்புப் பட்டையிலிருந்து இரண்டு கொக்கிகள் தொங்கும். ஒன்றைக் கழற்றி மேல் கம்பியில் மாட்டும்வரை மற்றொன்று ஆளைப் பிடித்திருக்கும். எல்லாரும் மாட்டுவார்கள், ஏறுவார்கள். இவன் மாட்டுவான், இழுத்துப் பார்ப்பான், "கொக்கி போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வான், அப்புறம்தான் அடுத்த கால் நகரும். "கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டியைக் கூப்பிடப் போறவன்கூட இதைவிட வேகமா நடப்பான்" என்று உடன் வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்தார்கள். கிண்டலோடு பிறந்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அதற்காக அவன் வருத்தப்பட்டதில்லை. பதறாத காரியம் சிதறாது என்பது நமக்கெல்லாம் பழமொழி. அவனுக்குத் தொழில் விதி. வீட்டுக்கு வீடு டிவி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவன், மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவுவதை ஒரு ஒப்பந்தக்காரர் பார்த்துவிட்டு டவர் வேலைக்குக் கூட்டிப் போனார். வந்த நாளிலிருந்து அவன் கையிலிருந்து ஒரு நட்டுகூடக் கீழே விழுந்தது கிடையாது.

நம்மைப் போன்றவர்களுக்கு டவர் என்றால் போனில் தெரிகிற நாலு கோடு. கோடு குறைந்தால் திட்டுவோம், நிறைந்தால் மறந்துவிடுவோம். மேலே உட்கார்ந்திருக்கும் ரேடியோப் பெட்டிகளுக்குக் கீழிருந்து இரண்டு சாப்பாடு போக வேண்டும்: ஒன்று கரண்ட், மற்றது ஃபைபர் வழியாகப் போகிற நம்முடைய பேச்சு. இப்போதெல்லாம் இரண்டும் ஒரே கறுப்புத் தோலுக்குள் மணிக்கட்டுத் தடிமனில் ஒரே கேபிளாக வருகிறது. அதைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து, உச்சியிலிருந்து கீழ்வரை கவ்வி போட்டு இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஃபைபர் என்பது கண்ணாடி நூல். மடக்கினால் போச்சு, முறுக்கினால் போச்சு. கோபக்காரச் சம்பந்தியை நடத்துவது போலத்தான் அதை நடத்த வேண்டும்.

இந்தக் கேபிளுக்குத் தலையும் உண்டு, வாலும் உண்டு. தலை ஆறு கிளையாகப் பிரிந்திருக்கும், மேலேயுள்ள ஆறு ரேடியோவுக்கு. வாலில் இரண்டே முனை, கீழே இருக்கும் இரும்பு அலமாரிக்கு. தூசி படக்கூடாது என்று இரண்டையும் தொழிற்சாலையிலேயே உறை போட்டு மூடிவிடுவார்கள். மூடியபின் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், பெற்றவளுக்கே அடையாளம் தெரியாது. அதனால் தலைக்குச் சிவப்பு நாடா சுற்றுவது இவர்கள் வழக்கம். சிவப்பு மேலே போகும். கவ்வி எல்லாம் போட்டு முடித்த பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள்.

அவன் மனைவி பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பிரேக் எது, ஆக்ஸிலேட்டர் எது என்று தெரியாமல் வந்தவர்களைப் பத்தே நாளில் எட்டுப் போட வைத்துவிடுவாள். கேபிளையும் தரையில் எட்டு வடிவில்தான் விரித்துப் போடுவார்கள், சிக்கல் விழாமல் இருக்க. "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் எட்டுதான் சோறு போடுது" என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பயம் என்பது அவள் பக்கமே வந்ததில்லை என்று கொக்கி நம்பிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாள் முன்பு ஹெல்மெட் வாரை மாட்டும்போது அவள் கழுத்தில் ஏதோ நெருடியது. தொட்டுப் பார்த்தால் ஒரு கட்டி. வலி கிடையாது. வலிக்காத கட்டியைத்தான் டாக்டர்கள் அதிகம் விசாரிப்பார்கள் என்று அவளிடம் ஸ்கூட்டர் பழக வந்த ஒரு நர்ஸ் சொல்லிவிட்டாள். மருத்துவமனையில் ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். கவுண்டரில் இருந்த பெண் ஒரு தேதியைச் சொல்லி, "அன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள, ஏதாவது இருந்தா நாங்களே போன் பண்ணுவோம். போன் வரலேன்னா ஒண்ணுமில்லைன்னு நிம்மதியா இருங்க" என்றாள்.

வீட்டில் இது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அவள் தம்பி கொக்கியோடுதான் டவர் ஏறுகிறான். அவனுக்குத் தெரியவே கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "அவன் காதுக்குப் போனா அம்மா காதுக்குப் போகும். அம்மா அழ ஆரம்பிச்சா, எனக்கு ஒண்ணுமில்லேன்னு தெரிஞ்ச பிறகும் நிறுத்த மாட்டாங்க."

அந்தத் தேதியும் வந்தது. கொக்கி காலையில் கிளம்பும்போது அவள் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தாள். இருவரும் அதைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள்.

அன்று அவர்கள் ஊருக்கு வெளியே ஒரு டவருக்குப் போக வேண்டியது. கிடங்கு வாசலில் சூப்பர்வைசர் திட்டத்தை மாற்றிவிட்டார். அந்த இடத்தின் சாவி இன்னும் வந்து சேரவில்லையாம். "மேட்டுத்தெரு டவரை இன்னைக்கே முடிச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பைக்கில் ஏறிப் போய்விட்டார்.

மேட்டுத்தெரு டவர் கொக்கியின் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி நிற்கிறது. அந்த வட்டாரத்துக்கே அந்த ஒரு டவர்தான். ஆட்கள் மேலே ஏறும்போது ரேடியோவை அணைத்துவிட வேண்டும், பக்கத்தில் நிற்பது உடம்புக்கு ஆகாது. அணைத்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் ஒரு போனும் பேசாது. அவள் போனும்தான்.

கொக்கி கணக்குப் போட்டுப் பார்த்தான். போன் வராவிட்டால் நிம்மதி என்று சொன்னார்களே, இன்று எந்தச் சேதி இருந்தாலும் போன் வராதே. ஒரு எட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று யோசித்தான். சொன்னால் அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாக மருத்துவமனைக்குப் போய் நிற்பாள். கெட்ட சேதியை அவள் தனியாக நின்று கேட்பதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும், டவரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம், வருகிற போன் அப்போது வரட்டும். இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

லாரி சந்துக்குள் நுழையவில்லை. சந்து முனையிலேயே பெரிய உருளையிலிருந்து கேபிளை உருவி, தோளில் சுமந்து, டவர் அடியில் எட்டாக விரித்துப் போட்டார்கள். உருளையிலிருந்து முதலில் வருவது தலை. அது குவியலின் அடியில் போய்விடும். கடைசியில் எல்லாருமாகக் குவியலைப் பிடித்துப் புரட்டிப் போட்டால் தலை மேலே வரும். இதெல்லாம் கொக்கிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரியும். முதலில் வந்த முனையில் சிவப்பு நாடா சுற்றத்தான் சுருளைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கீழ்வேலை பார்க்கும் அண்ணன், "டவர் ஆஃப் ஆயிடுச்சுப்பா!" என்று கத்தினார். கொக்கி தன் போனை எடுத்துப் பார்த்தான். இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகப் போயின. போனைப் பையில் வைத்தான். கேபிள் வந்துகொண்டேயிருந்தது. கடைசி முனை கைக்கு வந்தபோது, கையில் நாடாச் சுருள் இருப்பதைப் பார்த்து, அதில் சுற்றிவிட்டான். சிவப்பு மேலே இருந்ததால் குவியலைப் புரட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொக்கி சுற்றிய நாடாவை யார் சந்தேகப்படுவார்கள்?

அந்தக் கீழ்வேலை அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனிதர், கயிற்றை அவரிடம் கொடுத்தால் உயிரையே கொடுக்கலாம். ரகசியத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. ஓட்டைவாய் என்று எல்லாரும் அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் சிரித்துக்கொண்டே அதையும் நாலு பேரிடம் சொல்வார். வேலை நேரத்தில் கையில் வாக்கிடாக்கி வேறு இருக்கும்.

கொக்கியும் மச்சானும் ஏறினார்கள். ஓட்டைவாய் கீழிருந்து கயிறு சுற்றும் வின்ச்சைச் சுழற்ற, கேபிள் அசைந்து அசைந்து மேலே வந்தது. உச்சியில் கட்டினார்கள். மச்சான் மேலேயே நிற்க, கொக்கி கவ்வி போட்டுக்கொண்டே இறங்கினான். ஒவ்வொரு கவ்விக்கும் ஒருமுறை தன் வீட்டு மாடியைப் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி தெரியும், கொடியில் காயும் துணி தெரியும், கூப்பிட்டால் கேட்காது. போன் அடிக்காததைப் பார்த்து அவள் இந்நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நிம்மதி ஆகிக்கொண்டிருப்பாள். அந்த நிம்மதி பொய் என்று தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

பாதி உயரம் வந்திருப்பான். மேலிருந்து மச்சான் குரல் வாக்கிடாக்கியில் வந்தது.

"மாமா... கோவிச்சுக்காதீங்க. சும்மா உறையைக் கொஞ்சம் பிரிச்சுப் பாத்தேன்."

"எதுக்குடா இப்பவே பிரிச்சே?"

"பிரிச்சது நல்லதாப் போச்சு மாமா. ஆறு முனை இருக்கணும்ல? இங்க ரெண்டுதான் இருக்கு."

கொக்கிக்கு ஒரு கணம் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்தது. வால் உச்சியில் இருக்கிறது, தலை தரையில் கிடக்கிறது. மற்றவர்கள் செய்தால் ஒரு வாரம் கேலி பேசுகிற தப்பு அது. அவன் செய்திருக்கிறான்.

"யாரு நாடா சுத்தினது?" என்று ஓட்டைவாய் கீழிருந்து கேட்டார்.

"நான்தாண்ணே. தப்பு என்னோடதுதான்."

ஓட்டைவாய்க்கே பேச்சு வராத அதிசயம் அன்றுதான் நடந்தது. மச்சான்தான் மெதுவாகக் கேட்டான்: "உடம்பு கிடம்பு சரியில்லையா மாமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. போட்ட கவ்வியெல்லாம் கழட்டணும். கேபிளைக் கீழ இறக்கி, குவியலைப் புரட்டி, மறுபடி ஏத்தணும். ஆரம்பி."

மதியம் போனது. கவ்விகளைக் கழற்றிக்கொண்டே கொக்கி மறுபடி உச்சிக்குப் போனான். கேபிளின் பாரம் முழுதும் இப்போது கயிற்றில். கேபிள் கயிற்றில் தொங்கும்போது மேலே இருக்கிற இரண்டு பேரில் ஒருவர்கூட இறங்கக் கூடாது என்பது இவர்களிடம் எழுதாத சட்டம். ஒருவன் கப்பியில் கயிற்றைப் பார்க்க வேண்டும், ஒருவன் கேபிள் கம்பியில் உரசாமல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் மற்றவன் தலைக்குத்தான் ஆபத்து.

சரியாக அந்த நேரத்தில்தான் மச்சான், "அட, அக்கா!" என்றான்.

கொக்கி திரும்பினான். மாடியில், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு உருவம். இரண்டு கையையும் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. நிறுத்தியது. மறுபடி ஆட்டியது.

"அக்கா நமக்குக் கை காட்டுது மாமா! என்னைக்கும் இல்லாத அதிசயமா இருக்கே!" மச்சான் சந்தோஷமாகப் பதிலுக்குக் கையை ஆட்டினான். "நீங்களும் காட்டுங்க மாமா, பாவம், எவ்வளவு நேரமா நிக்குது!"

கொக்கி கையைத் தூக்கினான். அது பாதியிலேயே நின்றுவிட்டது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட மாடிக்கு வந்து கை காட்டாதவள் இன்றைக்கு ஏன் காட்டுகிறாள்? எப்படியோ அவளுக்குச் சேதி தெரிந்துவிட்டது. போன் பேசாததால் இப்படிக் கூப்பிடுகிறாள். நல்ல சேதி என்றால் வீட்டுக்கு வரும்வரை பொறுக்க மாட்டாளா? தனியாக நின்று கேட்டிருக்கிறாள், தனியாக வீடு திரும்பியிருக்கிறாள், தாங்க முடியாமல் மாடிக்கு ஓடி வந்திருக்கிறாள். எது நடக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு வந்தானோ, அதுவே நடந்துவிட்டது.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று தரையில் நிற்கிறவர்கள் சொல்லிக்கொள்ளலாம். அங்கே கை ஓடாவிட்டால் கேபிள் போகும், கால் ஓடாவிட்டால் ஆளே போவான். கொக்கி இரும்புக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டான்.

"மாமா, முகமெல்லாம் வேர்த்திருக்கு. நீங்க வேணா இறங்குங்க, நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தை அவனுக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்ல முடியாது. இறங்கினால் ஓடிப் போய்விடலாம். ஆனால் சொன்னவன் அவள் தம்பி. அவன் தலைக்கு மேல் அத்தனை பாரம் தொங்குகிறது. இவனுக்கு ஏதாவது ஆனால் அவளிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? அக்காவுக்காகத் தம்பியை விட்டுவிட்டு வந்தேன் என்றா சொல்வது?

"உளறாதே. கேபிளைப் பார்" என்றான்.

"வேணும்னா இப்படியே கீழயும் மேலயும் ஒட்டுப்போட்டு ஓட்டிடலாமா மாமா? சீக்கிரம் முடிஞ்சிடும்."

"ஒட்டுப்போட்டா முதல் மழைக்கே தண்ணி இறங்கும். அப்ப நீதான் ஏறுவே. கயிறைப் பிடி."

மாடியில் இருந்த உருவம் இறங்கிப் போய்விட்டது. அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கை தப்பும் என்று தெரியும். கேபிள் இறங்கியது. கீழே ஓட்டைவாய் அக்கம்பக்கத்தில் நாலு பேரைப் பிடித்துக் குவியலைப் புரட்டினார். பிடித்த நாலு பேரிடமும் கொக்கி செய்த தப்பை விளக்கமாகச் சொன்னார் என்பதைச் சொல்லவே வேண்டாம். தலை மேலே ஏறியது. கவ்வி, இறுக்கு, அடுத்த கவ்வி. உச்சியில் ஆறு கிளையும் ஆறு பெட்டிக்குப் போயின. வெயில் சாய்ந்த நேரத்தில் இருவரும் தரைக்கு வந்தார்கள். அலமாரியில் பொத்தானைப் போட்டதும் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு வந்தன. தெருவில் யாரோ ஒருவர் "ஹலோ, ஹலோ, இப்ப கேக்குதா?" என்று கத்திக்கொண்டே போனார்.

கொக்கி போனை எடுத்து அவள் எண்ணை அழுத்தினான். மணி அடிப்பதற்குள் துண்டித்துவிட்டான். அந்தச் சேதியைப் போனில் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த நிமிடம் ஓடினான். இடுப்புப் பட்டையைக்கூடக் கழற்றவில்லை. கொக்கிகள் இரண்டும் தொடையில் இடித்துக் கணகணவென்று சத்தம் போட, மூன்று தெருவும் அவனைத் திரும்பிப் பார்த்தது. மெதுவாக நடக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் அப்படி ஓடியதை அந்தத் தெருக்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வந்த கோலத்தைப் பார்த்து எழுந்துவிட்டாள்.

"என்னங்க ஆச்சு? தம்பிக்கு ஏதாவது..."

"அவன் நல்லா இருக்கான். உனக்கு என்ன சொன்னாங்க? அதைச் சொல்லு."

"எனக்கென்ன? ஒண்ணுமில்லையாம். வெறும் கொழுப்புக் கட்டியாம். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நீங்க சொல்றது டாக்டருக்கும் தெரிஞ்சுபோச்சு."

கொக்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் எதிரே உட்கார்ந்து கதையைச் சொன்னாள். காலையிலேயே போனில் கோடு இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் டவரில் ஆள் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்குப் போன் வராது என்று புரிந்துவிட்டது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே போய்க் கவுண்டரில் கேட்டுவிட்டாள். "திரும்பி வரும்போது டவர் அடிக்கே வந்து சொல்லியிருப்பேன். ஆனா அங்க நிக்கிறது யாரு? அந்த அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாக்கிடாக்கி வழியா தம்பிக்குப் போய், சாயங்காலம் அம்மா மூட்டை முடிச்சோட வந்து இறங்கிடுவாங்க. அதான் மாடியிலேருந்து கை காட்டினேன். பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன்" என்றான். "பாத்ததுலேருந்து நான் நானா இல்லை. கெட்ட சேதின்னு நெனச்சுட்டேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"ஏங்க, கெட்ட சேதியா இருந்தா, அந்த உசரத்துல நிக்கிற மனுஷனுக்குக் கை காட்டுவேனா? மாடிப் பக்கமே வந்திருக்க மாட்டேன். நீங்க இறங்கி, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயே திறந்திருக்க மாட்டேன்."

கொக்கிக்குச் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. அவனுடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று, காலையில் நடந்ததை இவள் ராத்திரி அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்த பிறகுதான் சொன்னாள். அதற்குள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து எல்லா ஏற்பாடும் தானே செய்திருந்தாள். பெற்ற தாய் விஷயத்தை மறைத்தாய் என்று அவன் அவளோடு நாலு நாள் பேசாமல் இருந்தான். அவளும் ஏன் என்று ஒரு காரணம் சொல்லவில்லை. அன்றும் அவன் டவர் மேலே இருந்தான்.

அவன் அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதான். அவள் தடுக்கவில்லை. அழுகை ஓய்ந்ததும் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போதும், எழுந்திருங்க. கைகால் கழுவிட்டு வாங்க, சாப்பாடு போடறேன்."

கொக்கி எழுந்தான். இரண்டு அடி நடந்தவன் நின்று, பயந்த முகத்தோடு திரும்பினான்.

"சாப்பிட்ட பிறகு வேற ஏதாவது சொல்லப் போறியா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இல்லைங்க. இன்னைக்கு நிஜமாவே ஒண்ணுமில்லை."